அண்ணியின் பாஷையும் மதாமின் பாஷையும்

எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும், என் அண்ணியும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் குடியிருந்த வெள்ளைக்கார மதாமும் ஒரே பாஷை பேசுகிறவர்கள் என்றுதான் சொல்வார்கள். இல்லை, இல்லை என்று சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். அண்ணி பிறந்தது ஆப்பிரிக்காவின் தென்கோடியில். மதாம் பிறந்தது ஐரோப்பாவின் வடக்கே, குளிர்காலத்தில் கடலே உறைந்து கிடக்கும் ஓர் ஊரில். ஆனால் தமிழும் இல்லை, பிரெஞ்சும் இல்லை, இங்கிலீஷும் இல்லை என்றால் மிச்சம் இருப்பதெல்லாம் ஒரே பாஷைதான் என்பது எங்கள் தெருவின் கணக்கு. அந்தக் கணக்கை முதன்முதலில் போட்டது யார் என்று கேட்டால், வேறு யார், நானேதான்.

எங்கள் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருஷம் அண்ணனுக்குக் கல்யாணமானது. அண்ணியின் தாத்தா காலத்தில் எங்கள் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போன குடும்பம் அது. தென்னாப்பிரிக்காவில் டிரான்ஸ்வால் பக்கம் ஒரு சின்ன ஊரில் அவள் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். பெண்ணை நம்ம ஊரிலேயே கொடுத்துவிட வேண்டும் என்று அவரே கூட்டிவந்து, தாலி கட்டி முடிந்ததும், அடுத்த கப்பலில் திரும்பிப் போய்விட்டார். இருபது வயதுப் பெண்ணை, முன்பின் பார்க்காத ஊரில், முன்பின் பார்க்காத மனுஷர்களிடம் விட்டுவிட்டுப் போக அந்த மனுஷருக்கு எப்படித்தான் மனசு வந்ததோ! இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் வரும்.

அண்ணிக்குத் தமிழ் நன்றாகவே வரும். ஆனால் அது விருந்தாளிக்கு எடுத்துவைத்த தமிழ். அடுப்பில் கை சுட்டுக்கொண்டால், வாசற்படி இடறினால், அண்ணன்மேல் கோபம் வந்தால், அவள் வாயில் வருவது அங்கே கப்பலில் போய்க் குடியேறிய வெள்ளைக்காரர்களின் பாஷையான ஆப்பிரிக்கான்ஸ்தான். தாயில்லாப் பிள்ளை அவள். பக்கத்து வீட்டில் கறுப்பும் வெள்ளையும் கலந்த குடும்பத்து அம்மாள் ஒருத்திதான் அவளைத் தூக்கி வளர்த்தது. அந்த அம்மாளுக்கு வீட்டில் அந்தப் பாஷை. "வெள்ளைக்காரன் எங்கள நடைபாதையை விட்டு எறங்குன்னு வெரட்டினதும் அந்த பாஷைதான் பாப்பா. என்னைத் தூங்க வெச்சதும் அதுதான். நான் எதை விடறது?" என்று ஒரு தரம் என்னிடம் கேட்டாள். பதினெட்டு வயதாகியும் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

அவள் தனக்குத்தானே முணுமுணுப்பது மெல்லத் தெருவுக்குத் தெரிந்தது. ஆப்பிரிக்கான்ஸில் தொண்டையிலிருந்து ஓர் எழுத்து வரும், மீன் முள் சிக்கியதைக் காறுகிற மாதிரி. அதைக் கேட்ட பக்கத்து வீட்டுக்காரி, மருமகளுக்குக் காத்து கருப்பு ஏதோ பிடித்திருக்கிறது என்று கிளப்பிவிட்டாள். அவள் வாயில் கொள்ளியை வைக்க! அம்மா பயந்துபோனாள்.

"தோ பாரும்மா, இனிமே தனியா நின்னுக்கிட்டு கர்ரு புர்ருன்னு பேசாத. நாலு பேரு நாலு விதமா பேசறாங்க. வூட்டு மானம் போவுது" என்றாள்.

அண்ணி சரி அத்தை என்று தலையாட்டினாள். அதற்குப் பிறகு கிணற்றடியில், வாளி சத்தத்தோடு சத்தமாக மட்டும் பேசிக்கொண்டாள். துணி துவைக்கும்போது கேட்டிருக்கிறேன்.

நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். நான் படிப்பை முடிக்கிற நேரம் பார்த்துப் பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிவிட்டார்கள். என் பிரெஞ்சை வைத்துக்கொண்டு ஊறுகாய்கூடப் போட முடியாது என்று அண்ணன் கிண்டல் செய்வான். அதனால் பூவேலை போட்டுக்கொண்டு, தைத்த துணிகளை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த வெள்ளைக்காரர் வீடுகளில் கொண்டுபோய்க் கொடுத்துவருவேன். அப்படி ஒரு நாள் போகையில், ஒரு வீட்டின் பின்கட்டில் வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி பூனையை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தாள். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். பிரெஞ்சு இல்லை. இங்கிலீஷும் இல்லை. அடி சக்கை! அப்படியென்றால் இது அண்ணியின் பாஷைதான்!

துணிகளைக்கூடக் கொடுக்காமல் ஓடிவந்தேன். "அண்ணி, உங்க பாஷை பேசற ஆளைக் கண்டுபுடிச்சிட்டேன்! வாங்க, வாங்க!" அண்ணி கையிலிருந்த மாவைக்கூடச் சரியாகக் கழுவாமல் வந்தாள். அவள் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததே இல்லை.

அந்த அம்மாளைப் பார்த்ததும் அண்ணி மூச்சு விடாமல் பேசினாள். எத்தனை நாள் அடக்கிவைத்த பேச்சோ, மடை திறந்த மாதிரி கொட்டியது. அந்த அம்மாள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பிறகு அவர் ஏதோ சொன்னார். இப்போது அண்ணி முழித்தாள். இருவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது. முதலில் சிரித்தது அந்த அம்மாள்தான். அண்ணியும் சிரித்தாள், கண்ணில் நீர் வழிய வழிய.

அவரை நாங்கள் மதாம் என்று கூப்பிடத் தொடங்கினோம். அவர் பிரெஞ்சில் சொன்னதை நான் அண்ணிக்குத் தமிழில் சொன்னேன். அவர் எஸ்தோனியாக்காரர். துறைமுக வேலைக்கு வந்த பிரெஞ்சுக்காரரைக் கட்டிக்கொண்டு, உலகச் சண்டைக்கு முன்பே இங்கே வந்தவர். புருஷன் செத்துப்போனார். சண்டை முடிந்தபோது அவருடைய நாட்டை ரஷ்யா விழுங்கிவிட்டிருந்தது. போக இடமில்லை. அவருடைய பாஷையை இந்த ஊரில் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது அந்தப் பூனை ஒன்றுதான்.

"நாளைக்கும் வரலாமான்னு கேளு பாப்பா" என்றாள் அண்ணி.

இப்படித்தான் அந்த விளையாட்டு தொடங்கியது. சாயங்காலங்களில் மதாமின் பின்கட்டில் உட்கார்ந்து காய் நறுக்குவோம், மீன் கழுவுவோம். யாராவது ஒரு பொருளைக் கையில் தூக்க வேண்டும். முதலில் அண்ணி தன் பாஷையில் சொல்ல வேண்டும், அடுத்தது மதாம், கடைசியில் நான் தமிழில். முறை தப்பக் கூடாது. முழித்தவர்களுக்கு வெங்காயம் உரிக்கும் தண்டனை. பால் என்றால் அண்ணிக்கு மெல்க், மதாமுக்கு பீம். மீன் அண்ணிக்கு ஃபிஸ். மதாம் அதைக் கலா என்றபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன், எங்கள் தெருவில் மட்டும் எத்தனை கலா! ரொட்டி, கடல், மழை, ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை. பூனைக்கு மட்டும் கட், கஸ் என்று கொஞ்சம் உறவு இருந்தது. ஆமாம் என்பதற்கு இருவருமே யா என்றார்கள். அதைக் கண்டுபிடித்த அன்று அண்ணி மதாமைக் கட்டிக்கொண்டாள்.

பிறகு சொற்களை விட்டு வாக்கியத்துக்குப் போனார்கள். அண்ணியின் பாஷையில் வினைச்சொல் அசையவே அசையாது. நான் போ, நீ போ, அவன் போ, அவர்கள் போ, எல்லாருக்கும் ஒரே போ. இல்லை என்று சொல்ல வேண்டுமானால் நடுவில் ஒரு தரம், கடைசியில் இன்னொரு தரம் சொல்லியாக வேண்டும். "மொதல்ல கேக்காதவங்களுக்காக ரெண்டாவது" என்பாள் அண்ணி. மதாமின் பாஷை நேர் எதிர். ஒவ்வொரு பெயருக்கும் வால் வாலாக ஒட்டிக்கொண்டே போகும். வீட்டுக்கு மாயா என்று பெயர். வால் மாற்றினால் வீட்டில், இன்னொரு வால் போட்டால் வீட்டிலிருந்து. நம்மைப் போலவே! குறில், நெடில் உண்டு, நெடிலுக்கும் மேலே நீட்டுகிற மூன்றாவது ஒன்றும் உண்டு. ஆனால் அவன், அவள் என்ற வித்தியாசம் மட்டும் கிடையாது. மதாம் செத்துப்போன புருஷனையும் தா என்பார், பூனையையும் தா என்பார், கடவுளையும் தா என்பார்.

தமிழும் எஸ்தோனியமும் இப்படி வால் முளைத்த பாஷைகளாக இருப்பதில் மதாமுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அவரும் நானும் சொந்தக்காரிகள் என்றார். அண்ணியின் முகம் சுருங்கிவிட்டது.

"என் பாஷைதான் ஏழை" என்றாள்.

மதாம் அவள் மோவாயைத் தொட்டு ஏதோ சொன்னார். நான் தமிழில் சொன்னேன்: "ஏழை இல்லையாம். உங்க பாஷை கப்பலேறிப் போன பாஷையாம். வழியில மூட்டையைக் கொறைச்சிக்கிட்டு, தேவையானதை மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிருக்காம். அவங்க பாஷை ஒரே கடற்கரையில ஒக்காந்துக்கிட்டு எதையும் தூக்கிப் போடாம வெச்சிருக்காம், பழைய வூட்டுப் பரண் மாதிரி."

அண்ணி அன்றைக்கு வெங்காயம் முழுவதையும் தானே உரித்தாள், யாரும் தோற்காமலே.

நாங்கள் போய்வருவதைப் பார்த்த தெரு, தானாக ஒரு முடிவுக்கு வந்தது. ஆப்பிரிக்கா மருமகளுக்கு அவள் ஊர்க்கார அம்மாள் ஒருத்தி கிடைத்துவிட்டாள், இருவரும் உட்கார்ந்து சொந்தப் பாஷையில் பேசுகிறார்கள். காத்தும் இல்லை, கருப்பும் இல்லை. அம்மாவுக்குப் பெரிய பாரம் இறங்கியது. வேறு வேறு பாஷை என்று நான் சொன்னால், "எல்லாம் ஒண்ணுதாண்டி, நீ சும்மா இரு" என்பாள். அந்தப் பொய்யால் அண்ணிக்கு நிம்மதி கிடைத்ததால் நானும் ரொம்பச் சண்டை போடவில்லை.

மூன்று வருஷம் இப்படிப் போயிருக்கும். ஒரு வெயில் காலத்தில் அண்ணிக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை கட்டி, வீட்டை விட்டு யாரும் நகரவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மறுநாள், கன்னியாஸ்திரீகள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கும் பெண் வாசலில் வந்து நின்றாள். கருவடிக்குப்பத்துக்காரி. எங்கள் தெரு வழியாகத்தான் தினமும் வேலைக்குப் போவாள்.

"மதாம் கீழ வுழுந்துட்டாங்கம்மா. ஒரு பக்கம் கை இழுத்துக்கிச்சி. பேச்சு வேற என்னமோ மாதிரி வருது. டாக்டரு, புத்தி கெட்டுப்போச்சி, மதராசுல பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலான்றாரு. நான்தான் மாசேருகிட்ட சொன்னேன், அது ஒளறல் இல்ல, எங்க வழியில ஆப்பிரிக்கா மருமவ ஒருத்தங்க இருக்காங்க, அவங்களும் இதே பாஷைதான்னு. கூட்டியாரச் சொன்னாங்க."

மாசேர் என்றால் கன்னியாஸ்திரீ. எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு அவங்க பாஷை தெரியாதே பாப்பா. பாலு, மீனு, பூனை, இதை வெச்சிக்கிட்டு நான் போயி என்ன பண்றது?"

"நான் எதுக்கு இருக்கேன்? பிரெஞ்சுல நான் பேசிக்கிறேன், வாங்க."

உடம்பு தேறாத பெண்ணை அம்மா விடமாட்டாள் என்று நினைத்தேன். அம்மா ஒரு கணம்தான் யோசித்தாள். "போயிட்டு வா. உன் ஊர்க்காரங்களாச்சே. நீ போவலன்னா யாரு போவா?" என்று சொல்லி, ரிக்‌ஷாவை அவளே கூப்பிட்டாள்.

மதாம் பாதியாகிப் போயிருந்தார். வாய் ஒரு பக்கம் லேசாகக் கோணியிருந்தது. வலது கை போர்வைமேல் கிடந்தது. நான் கிட்டே போய், எனக்குத் தெரிந்த பிரெஞ்சையெல்லாம் இறக்கினேன். உடம்பு எப்படி, வலிக்கிறதா, என்னைத் தெரிகிறதா. அவர் சுவரைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். அதுவரை மூன்று பேருக்கும் நடுவில் நான்தான் பாலம். நான் இல்லாவிட்டால் எதுவும் நகராது என்று எனக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. அந்தப் பாலம் சரிந்துபோனது.

டாக்டர் மதராஸிலிருந்து புதிதாக வந்த இளைஞர், நல்ல மனுஷர்தான். "இப்படித்தாம்மா. பிரெஞ்சுக்கும் பதில் இல்ல, இங்கிலீஷுக்கும் பதில் இல்ல. தானா ஏதோ கத்துறாங்க. சாப்பாட்டைத் தட்டி விடறாங்க. நான் என்ன செய்யட்டும்?" என்றார்.

அண்ணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த தண்ணீர் டம்ளரைத் தூக்கி மதாமின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"வாத்தர்" என்றாள். அவள் முறை முடிந்தது. டம்ளரை இறக்கவே இல்லை. காத்திருந்தாள்.

மதாமின் கண் டம்ளருக்குப் போனது, அண்ணியின் முகத்துக்கு வந்தது. உதடு துடித்தது. "வெஸி."

என்னையும் அறியாமல் வாய் திறந்தேன். "தண்ணி."

அண்ணி ஸ்பூனைத் தூக்கினாள். லீபல். லுஸிகஸ். கரண்டி. பாலைக் காட்டினாள். மெல்க், பீம், பாலு. டாக்டர் கிட்டே வந்து நின்றார். அண்ணி மெதுவாக மதாமின் செத்துப்போன கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "ஹன்ட்" என்றாள். மதாம் அந்தக் கையையே வெகுநேரம் பார்த்தார். "கேஸி" என்று சொன்னபோது அவர் கன்னத்தில் நீர் இறங்கியது.

பிறகு அவராகவே பேசத் தொடங்கினார். நீளமான வாக்கியம், படபடவென்று. "இதோ, இதைத்தான் நாள் பூரா சொல்றாங்க" என்றார் டாக்டர். அண்ணி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மதாம் மறுபடி சொன்னார், மறுபடியும் சொன்னார். அண்ணி சட்டென்று கண்ணைத் திறந்தாள்.

"பாப்பா! கஸ்ன்றாங்க, கலான்றாங்க. பூனைக்கு யாரு மீன் போடறாங்கன்னு கேக்கறாங்க!"

பெருக்கும் பெண் கதவோரத்திலிருந்து சொன்னாள்: "பிள்ளைச்சாவடி மீன்காரம்மா தெனம் வந்து தலையும் வாலும் போட்டுட்டுத்தான் போவுது. நான் வர்ற வழியில பாத்தேனே."

அண்ணி மதாமின் பக்கம் குனிந்தாள். "கஸ். கலா. யா" என்றாள். "யா, யா." மதாம் மூச்சை இழுத்து விட்டார். தோள் தளர்ந்தது. டம்ளரைக் காட்டினார். தண்ணீரை அண்ணி கொடுக்க, ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தார்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "இத்தனை நாளா இதையா கேட்டுக்கிட்டிருந்தாங்க?" என்றார். உள்ளே வந்த மாசேரைப் பார்த்துச் சொன்னார்: "புத்திக்கு ஒண்ணும் ஆகல. பேச்சு மட்டும் தாய்வீட்டுக்குப் போயிருக்கு. மதராஸெல்லாம் வேண்டாம்."

திரும்பி வரும்போது ரிக்‌ஷாவில் நான் வாய் ஓயாமல் பேசினேன். சந்தோஷம் தாங்கவில்லை எனக்கு. வாய்க்கால் பாலம் தாண்டிய பிறகு அண்ணி சொன்னாள்.

"பாப்பா, எனக்கு இப்படி ஆயிட்டா?"

"ஐயே, வாயைக் கழுவுங்க."

"இல்ல, கேளு. தமிழ் போயி, என் பாஷை மட்டும் மிஞ்சிப் போச்சின்னா? மதாமுக்காவது நான் இருந்தேன். நான் தண்ணின்னு கேட்டா இந்த ஊர்ல யாருக்குத் தெரியும்? பேய் புடிச்சிருச்சின்னு கட்டிப் போட்டுருவாங்க."

"நான் இருக்கேன்ல?"

"நீ கல்யாணமாயி எங்கயோ போயிடுவ."

அது உண்மை. அப்போது எனக்குக் காரைக்காலில் ஓர் இடம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

வீட்டில் அண்ணி முகம் கழுவப் போனாள். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன், ரிக்‌ஷாவில் அண்ணி கேட்டதையும் சேர்த்து.

"அப்ப ரெண்டு பேரு பாஷையும் வேற வேறயா?" என்றாள் அம்மா.

"எத்தினி வருஷமா கத்தறேன்! நீ எங்க காதுல வாங்கின?"

"அப்ப, இவ பாஷை இந்த ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாதா?"

"ஒருத்தருக்கும் தெரியாது."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு கிணற்றடிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "இங்க வாம்மா."

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இப்படி ஒக்காரு. தண்ணிக்கு உன் பாஷையில இன்னா?"

அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தாள். "வாத்தர், அத்தை."

"வாத்தர். சரி. பசிக்குதுன்னா?"

"ஹொங்கர்."

"இது கொஞ்சம் கஷ்டம்தான். பரவால்ல. வலிக்குதுன்னா?"

"எதுக்கு அத்தை இதெல்லாம்?"

"எதுக்குன்னா? இவ கட்டிக்கிட்டுப் போயிடுவா. உன் புருஷன் காலையில போனா ராத்திரிதான் வரான். உன்கூட இருக்கப் போறது நான்தான? வலிக்குதுன்னா இன்னா, சொல்லு."

"சியர்" என்றாள் அண்ணி. அதற்கு மேல் அவளால் முடியவில்லை. அப்படியே அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் அம்மாவின் எதிரில் அழுதது அதுதான் முதல் தரம். அம்மா அவள் தலையைத் தடவிக் கொடுத்தபடியே, மறந்துவிடக் கூடாதே என்று, சியர், சியர் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.